ரசமட்டம் பார்த்த வேலை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பதை என் மகள் தன் பதினேழாம் வயதில் கண்டுபிடித்தாள். பள்ளியில் கொடுத்த ரசமட்டத்தை மேசைமேல் வைத்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. மேசையின் ஒரு காலுக்கடியில் மடித்த அட்டையைச் செருகினாள். குமிழி நடுவுக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் அலமாரி, ஜன்னல் விளிம்பு, கட்டில் என ஒன்றையும் விடவில்லை. அவளுடைய தம்பி தன் தலைமேலும் வைத்துப் பார்க்கச் சொன்னான். வைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு பக்கம் காலிடா" என்றாள். அவள் அவ்வளவாகப் பேசுபவள் அல்ல. ஆகையால் இந்தப் பேச்சு எனக்கு நினைவிருக்கிறது.

நான் ஒரு பிரதியெடுக்கும் கடையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. பிரதியெடுக்க வந்தவர்களின் மனுக்களைப் படித்தே எழுதும் முறையைக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் இரண்டு பிரதியெடுத்து எண்ணிட்டுக் கோப்பில் வைப்பது என் வழக்கம். இங்கே வரும் எண்களும் விதிகளும் அந்தக் கோப்பிலிருந்து எடுத்தவை. பேச்சுகள் மட்டும் நினைவிலிருந்து எழுதியவை.

பதினொன்றாம் வகுப்பில் அவள் கட்டுமானத் தொழிற்பிரிவை எடுத்தாள். இருபத்தாறு பேர் கொண்ட அந்த வகுப்பில் பெண்கள் மூவர். பன்னிரண்டாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் உண்மையான வேலையிடத்தில் பயிற்சி. அதற்கென நீல அட்டை போட்ட ஒரு பதிவேடு உண்டு. மேற்பார்வை செய்பவர் அன்றன்றைய மணிக்கணக்கை அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதுவதற்கு இரண்டு கட்டங்கள்: ஒன்றன் தலைப்பு "பார்த்தது", மற்றதன் தலைப்பு "செய்தது". இரண்டாம் கட்டத்தில் இருநூற்று நாற்பது மணி சேர்ந்தால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் தொழிற்பயிற்சி நிலையத்தில் நேராக இரண்டாம் ஆண்டு. அங்கிருந்து வெளியே வந்தால் உரிமம் பெற்ற டைல்ஸ் தொழிலாளி. இல்லையென்றால் உதவியாள். உதவியாளாகச் சேர்ந்தவர் எத்தனை ஆண்டு வாளி தூக்கினாலும் உதவியாளாகவே இருப்பார். நிலையத்தில் பெண்களுக்கு இரண்டு இடங்கள். அதில் ஒன்று அவளுக்கு வேண்டும். அவள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே பொருள் அதுதான்.

பதிவேடு மாணவர் கையில் இருக்கக் கூடாது என்பது விதி ஒன்பது. அது மேஸ்திரியின் தகரப் பெட்டியில் இருந்தது. எங்கள் வீட்டுக்குத் தொடர்புடையவற்றுள் அப்போது நான் பிரதியெடுக்காதிருந்த ஒரே ஆவணம் அது.

வேலையிடம், ஒரு மருத்துவமனையின் ஊழியர் குடியிருப்பு: நான்கு மாடி, முப்பத்திரண்டு குளியலறை. டைல்ஸ் வேலைக்கு ஒரு மேஸ்திரி. கையெழுத்துப் போடுவார், எண்களை அச்சுப்போல எழுதுவார், எழுத்துகளை விரல் வைத்து மெல்லப் படிப்பார். முதல் நாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கு பாப்பா இந்தப் பொழப்பு?"

"டைல்ஸ் ஒட்டக் கத்துக்கணும்."

"ஒட்டுறது ஸ்டாம்பு. இது பதிக்கிறது."

"சரி. பதிக்கக் கத்துக்கணும்."

டைல் வெட்டும் இயந்திரத்தில் நின்றவரை எல்லோரும் புழுதி என்று அழைத்தார்கள். அவர் தும்மினால்கூட வெள்ளையாகத்தான் வரும் என்பது அங்கே ஒரு வேடிக்கை. என் மகளுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தவர் அவர்தான். டீ வைக்கும் பலகையைக்கூட அவள் மட்டம் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வைத்தாளாம்.

முதல் ஆறு வாரம் பசை கலக்கினாள், வாளி தூக்கினாள், மற்றவர்கள் பதித்த தரையைத் துடைத்தாள். ஏழாம் வாரம் ஓர் ஆள் வரவில்லை. மேஸ்திரி இரண்டாம் மாடிக் கடைசிக் குளியலறையை அவளிடம் விட்டார். குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாது. நான்கு பக்கமும் வடிகாலை நோக்கிச் சற்றே சரிய வேண்டும். அந்தச் சரிவை வாட்டம் என்பார்கள். அன்று மாலை மேஸ்திரி ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினார். தண்ணீர் எங்கும் தேங்காமல் வடிகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு கொத்துக்கரண்டியின் கைப்பிடியால் ஒவ்வொரு டைலையும் தட்டினார். உள்ளே காற்று தங்கிய டைல் காலிப் பானைபோல ஒலிக்கும். ஒன்றும் அப்படி ஒலிக்கவில்லை.

அதற்குக் காரணம் அவளுடைய ஒரு பழக்கம். தரையில் பசையை, விளிம்பில் பல் வெட்டிய பல்கரண்டியால் சீவி விட்டால் போதும் என்றே மற்றவர்கள் வேலையை முடிப்பார்கள். இவள் டைலின் பின்பக்கத்திலும் விளிம்புவரை ஒரு பூச்சுத் தடவுவாள்.

"ஏ ரசமட்டம், என்ன, அதுக்கு முதுகு தேய்ச்சு விடுறே? தலைக்கும் ஊத்தி விட்டுரு" என்பார் புழுதி.

"உள்ள காத்து தங்கக் கூடாதுண்ணே."

"உன் வாயிலதான் காத்தே வர்றதில்ல. அதையெல்லாம் எங்க வெச்சிருக்கே?"

இப்படி ஆண்டு முடிவதற்குள் பதினோரு குளியலறைகளை அவள் முடித்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து கைகளை வெந்நீரில் அமிழ்த்தி வைப்பாள். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

பள்ளியில் சான்றிதழுக்குத் தகுதி பெற்றோரின் பட்டியலை ஒட்டிய அன்று அவளுடைய பதிவெண் அதில் இல்லை. நான் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவளுடன் போனேன். எழுத்தர் நீலப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பயிற்சி நாட்கள்: அறுபத்திரண்டு. பார்த்தது: 372. செய்தது: 0.

"உங்க பொண்ணு வருஷம் பூரா வேடிக்கை பார்த்துட்டு வந்திருக்கும்மா" என்றார் எழுத்தர். குற்றம் சொல்லும் குரலில்லை. பேருந்து நேரம் சொல்வது போன்ற குரல்.

"அவ கையைப் பாருங்க சார்" என்று அவளுடைய வலக்கையைப் பிடித்து மேசைமேல் வைத்தேன்.

"கையையெல்லாம் கோப்புல சேர்க்க முடியாதும்மா."

மகள் கையை எடுத்துக்கொண்டாள். "சரி, வாங்கம்மா" என்றாள்.

பதிவேட்டை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்கள். நடையில் கிடந்த பலகையில் உட்கார்ந்து, அறுபத்திரண்டு நாட்களையும் கையாலேயே பிரதியெடுத்தேன். அறுபத்திரண்டு ஆறுகள்; அறுபத்திரண்டு பூஜ்யங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவது சரிதானா என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில், "ஒரு ஆறு விட்டுட்டீங்க" என்றாள்.

அங்கிருந்து நேராக மேஸ்திரியிடம் போனோம். அவரைக் கேட்பதற்காகச் சில கடுமையான வாக்கியங்களை வழியிலேயே அமைத்து வைத்திருந்தேன்.

"பதினோரு பாத்ரூமையும் என் பொண்ணுதானே முடிச்சா?"

"ஆமா, அவதான் பார்த்தா. அதுக்கென்ன இப்போ?"

"அப்புறம் ஏன் 'பார்த்தது'ல எழுதினீங்க?"

"இது என்ன கேள்வி? வேலை பார்த்தா, பார்த்ததுல எழுதினேன். வேற எதுல எழுதுவாங்க? நான் முப்பது வருஷமா டைல்ஸ் வேலை பார்க்கிறேன். நீங்க கடையில என்ன பண்றீங்க, வேலை பார்க்கிறீங்களா இல்லையா?"

"பார்க்கிறேன்" என்றேன்.

"அப்போ?"

"பக்கத்துல 'செய்தது'ன்னு ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்துச்சு. படிச்சேன். அது இந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு முட்டை போட்டேன்." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "எதையாவது உடைச்சா, தூக்கிட்டுப் போனா, அதை எழுதற எடம்னு நெனச்சேன். இவ ஒண்ணுமே செய்யலியே."

புழுதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். "எங்ககிட்ட 'செஞ்சுட்டான்'னா ஆளைக் கவுத்துட்டான்னு அர்த்தம்க்கா. போன மாசம் ஒருத்தன் இன்ஜினியரையே நல்லா செஞ்சுட்டுப் போயிட்டான்."

சிரித்தது அவர் மட்டுந்தான். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் பயன்படவில்லை. பயிற்சித் துறை அச்சிட்ட அந்தக் கட்டங்களின் கீழே எந்த விளக்கமும் இல்லை என்பதை மட்டும் கைப்பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

மேஸ்திரி உடனே கடிதம் தர ஒப்புக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பதினோரு பாத்ரூம் வேலையை இந்தப் பொண்ணுதான் பார்த்துச்சுன்னு எழுதுங்க" என்றே மூன்று முறையும் தொடங்கினார். "செய்தாள்" என்று நான் எழுதியதை விரல் வைத்துப் படித்துவிட்டு, மனமில்லாமல் கையெழுத்திட்டார்.

இருபத்து மூன்று நாள் கழித்துப் பயிற்சித் துறையின் பதில் வந்தது. கோப்பில் ஒன்பதாம் ஆவணம். முடித்த பதிவேட்டைத் திருத்த இயலாது. பிற்பாடு தரப்பட்ட கடிதம் சான்றாகாது. "செய்தது" பூஜ்யமாக இருப்பதால், ஒரு மணியேனும் செய்தவருக்கு அளிக்கப்படும் ஓராண்டு நீட்டிப்பும் இவருக்குப் பொருந்தாது. அதாவது, அவள் பயிற்சிக்கே வராதவள்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுபவர். பத்து நாளுக்கொருமுறை வீட்டுக்கு வருவார். கடிதத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "பார்த்துக்கலாம்" என்றார். நான் நேரில் போய்ச் சந்தித்த பயிற்சி அதிகாரி, "பார்க்கிறேன்" என்றார். அதன்பின் அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்கு ஒரு கட்டம் கண்முன் வந்தது.

மகள் இதற்கிடையில் அதே மேஸ்திரியிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். காலையில் போவாள், மாலையில் வந்து கைகளை வெந்நீரில் வைப்பாள். தரைக்குத்தான் வாட்டம் வேண்டும்; அவள் முகத்தில் அது எந்தப் பக்கமும் இல்லை. கோபப்படுகிறாளா என்று கவனித்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. நான் எழுதிய மனுக்களை மேசையில் வைத்தால் எழுத்துப்பிழை மட்டும் திருத்தித் தருவாள்.

ஐந்தாம் மனுவுக்குப் பிறகு அதிகாரி கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். வேலையிடத்திலேயே நேரடியான சான்று ஏதாவது இருந்தால் வந்து ஆய்வு செய்வதாகச் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே புழுதி தம் அடையாள அட்டையைப் பிரதியெடுக்கக் கடைக்கு வந்தார். சும்மா நின்றுகொண்டிருந்தவர், "அவதான் ஒவ்வொரு ரூம்லயும் கதவுகிட்ட வர்ற கடைசி டைல்ல நம்பர் எழுதுவாளேக்கா. பின்னாடி, பென்சில்ல" என்றார்.

மாலையில் மகளைக் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

"எதுக்கு எழுதினே?"

அவள் யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல எல்லாத்துலயும் பதிவெண் எழுதச் சொல்லுவாங்க. பழகிருச்சு."

"ஒண்ணைப் பெயர்த்துக் காட்டிடலாம்."

"பெயர்க்க வராதும்மா. துண்டு துண்டாத்தான் வரும்."

"ஒரு துண்டுல இருந்தாலும் போதும்."

"சரி" என்றாள்.

பெயர்த்தால் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் அதற்குள் அனுமதிக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குடியிருப்பில் அப்போது ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அவள் பதித்த குளியலறைகளில் ஒன்று இருந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒரு செவிலியர் சம்மதித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அதிகாரி, மேஸ்திரி, புழுதி, நான், என் மகள் ஐவரும் அவருடைய வீட்டில் நின்றோம். மாற்றுவதற்கு அதே நிறத்தில் ஒரு டைலையும் கொஞ்சம் பசையையும் மேஸ்திரி கொண்டுவந்திருந்தார்.

"எதுவா இருந்தாலும் சீக்கிரம் முடிங்க. மத்தியானம் எனக்கு டூட்டி" என்றார் செவிலியர். "ஆனா ஒண்ணு சொல்றேன். பழைய வீட்டுல குளிச்சு முடிச்சா துடைப்பத்தோட நிக்கணும். இங்க தண்ணி தானா ஓடிருது."

அதிகாரி குளியலறைக்குள் போய் ஒரு குவளை ஊற்றிப் பார்த்தார். "ஓடறது தெரியுது. ஓட வெச்சது யாருன்னு தண்ணியில எழுதலியே" என்றார்.

மகள் வாசலில் மண்டியிட்டு, கதவோரத்து டைலின் நடுவில் உளியை வைத்தாள். நல்ல டைல் அது. மூன்று அடிக்குப் பிறகுதான் விரிசல் விட்டது. துண்டுகள் முழுதாக எழும்பி வரவில்லை. நகம் நகமாக, கட்டைவிரல் அளவாக, அடியில் சாம்பல் நிறப் பசையோடு சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றின் முதுகிலும் பசை. சுரண்டிய இடத்தில் பசையோடு டைலின் மண்ணும் உதிர்ந்தது.

மேஸ்திரி ஒரு துண்டை எடுத்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க சார், எங்கயாச்சும் காத்து இருக்கா? நுனிவரைக்கும் பிடிச்சிருக்கு." சொல்லி முடித்த பிறகுதான் தாம் எதைச் சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. துண்டை மெல்லக் கீழே வைத்தார்.

"மோசமா பதிச்சிருந்தா முழுசா வந்திருக்கும்" என்றார் புழுதி, யாரையும் பார்க்காமல்.

அதிகாரி தம் தாளில் "எண் காணப்படவில்லை" என்று எழுதிப் பேனாவை மூடினார். பெயர்க்கும்போது கிட்டத்தில் இருந்து பார்ப்பதற்காக அவர் குளியலறைக்கு உள்ளேதான் நின்றிருந்தார். வெளியே வரக் காலைத் தூக்கினார்.

"கால் வெக்காதீங்க சார்" என்றாள் மகள். வாசலில் குழி இருந்தது; அதைத் தாண்ட முடியாதபடி அவளும் அங்கேயே மண்டியிட்டிருந்தாள். அவள் அதற்குள் அடிப்பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவரைக் கேளாமலே ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கியிருந்தாள். செவிலியருக்குக் குளிக்க வேண்டும். குழியை அப்படியே விட்டுப் போக முடியாது. அவள் அதை மட்டுந்தான் நினைத்தாள் என்பது என் துணிபு.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சீக்கிரம் பிடிக்கிற பசைதான். ஒரு மணி நேரம் சார்."

"நான் என்ன பண்றது?"

"வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க சார்" என்றார் புழுதி.

அதிகாரி உட்கார்ந்தார். முதல் பத்து நிமிடம் கைபேசியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் பசையைப் பல்கரண்டியால் சீவினாள். புதிய டைலின் முதுகில் விளிம்புவரை தடவினாள். வைத்து, அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினாள். ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்தாள். குமிழி ஒரு பக்கமும் நடுவுக்கு வரவில்லை. வாட்டத்துக்கு வேண்டிய அளவு விலகியே நின்றது. அவள் அதற்குத் தலையசைத்தாள். பசை பிடிக்கும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, இடுக்குகளை அடைத்துத் துடைத்தாள். இந்த முறை பின்பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

பன்னிரண்டே காலுக்கு அதிகாரி வெளியே வந்தார். செவிலியரின் மேசையில் தாம் கொண்டுவந்த நீலப் பதிவேட்டை விரித்து, பழையதைத் திருத்தாமல், கடைசிப் பக்கத்தின் கீழே ஒரு வரி சேர்த்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "நீங்க எதுல எழுதறீங்க சார்?" என்றார். பணிவாகத்தான் கேட்டார். அதிகாரி அதன்கீழ் கையெழுத்திட்டார். எழுதியதை என்னிடம் காட்டினார்.

செய்தது: 1.

"என் கண்ணால பார்த்தது இது ஒண்ணுதாம்மா. இதுக்கு மேல எழுதினா பொய்யாயிடும்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு ஏதும் தோன்றவில்லை.

பூஜ்யம் நீங்கிவிட்டதால் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அது முப்பத்தொன்றாம் ஆவணம். மீதமுள்ள இருநூற்று முப்பத்தொன்பது மணியை அவள் அதற்குள் முடிக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தின் இரண்டு இடங்களுக்கும் அதற்கு முன்பே வேறிருவரைச் சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் இரண்டு இடங்கள் வரும் என்று அறிவிப்பில் இருக்கிறது. அறிவிப்பையும் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் வாரத்துக்கு நான்கு நாள் உதவியாள், இரண்டு நாள் பயிற்சி மாணவி. இரண்டு நாட்களில் டைல் பதிக்கிறாள். மற்ற நான்கு நாட்களில் அதே தரைக்கு வாளி தூக்குகிறாள். வாரந்தோறும் பதிவேட்டின் பிரதியை எனக்குத் தர வேண்டும் என்று எழுதிக் கேட்டு அனுமதி பெற்றேன். மேஸ்திரி இப்போது அளவுக்கு மீறிக் கவனமாக இருக்கிறார். அவள் சும்மா நின்றுவிட்டு வந்த நாளைக்கூட "செய்தது" என்றே எழுதுகிறார். "அன்னிக்கு நான் நின்னு பார்த்தேன்ணே" என்று சொல்லி அவளே திருத்த வைக்கிறாள். அதனால் கணக்கு மெதுவாகத்தான் ஏறுகிறது. நான் இதை எழுதும் நாளில் எண்பத்தாறு.

அன்றைய துண்டுகளை ஓர் உறையில் போட்டுக் கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவற்றை மேசைமேல் கொட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு துண்டின் பசையில் மெல்லிய சாய்கோடு ஒன்று தெரிந்தது. ஏழின் கால்போல இருந்தது. அவளுடைய பதிவெண்ணில் ஏழு உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளிடம் நீட்டினேன்.

அவள் இடக்கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அது நம்பர் இல்லம்மா. கரண்டியோட பல்லு பட்ட கோடு."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

நான் அதைத் தனி உறையிலிட்டு, "கோடு" என்று எழுதி, தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.